ஆறு மாதத் தவணை

நயினாதீவுக்குப் படகேறுகிறவர்களுக்கு அந்தக் கடலில் இரண்டு கற்களைப் பற்றிய கதை கட்டாயம் சொல்லப்படும். ஒன்று பாம்பு சுற்றிய கல். மற்றது கருடன் கல். அம்மனுக்குப் பூ எடுத்துக்கொண்டு நீந்தி வந்த நாகத்தைக் கருடன் மறித்ததாம். நாகம் ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டதாம். கருடன் எதிர்க் கல்லில் காத்திருந்ததாம். அவ்வழியே கப்பலில் வந்த மாநாய்கன் என்ற வணிகன் தன் செல்வத்தை அம்மன் கோயிலுக்குக் கொடுக்கச் சம்மதித்த பிறகுதான் கருடன் விலகியதாம்.

இந்தக் கதையை நான் முதலில் கேட்டது 1985இல், என் நண்பனுடைய தகப்பனாரின் மோட்டார் வள்ளத்தில். எங்களுக்கு யாழ்ப்பாணம் சோனகத் தெரு. வாப்பா புடைவை வியாபாரி. நாகபூஷணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்குச் சாரம், சேலை, துவாய் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு தீவுக்குப் போவார். பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு என்று பஸ்ஸில் போய்க் குறிகட்டுவானில் இறங்க வேண்டும். அங்கிருந்து வள்ளம். திருவிழா முடியுமட்டும் நான் அவர்கள் வீட்டுப் பிள்ளை. அவனுடைய தாயை மாமி என்றுதான் கூப்பிடுவேன்.

எங்களை ஒட்ட வைத்தது கொமிக்ஸ். சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியும், லயன் காமிக்ஸின் ஸ்பைடரும் அந்த நாளில் எங்களுக்குப் பாடப்புத்தகத்தைவிட நெருக்கம். இருவரும் முதலில் குற்றவாளிகளாக வந்து, பின்னால் நீதியின் பக்கம் சாய்ந்தவர்கள் என்பதில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். கெட்டவன் எந்தப் பக்கத்தில் திரும்புவான் என்று தட்டையும் காலையும் பார்த்துக்கொண்டு வாசித்தோம்.

கப்பலில் வேலை செய்த என் சின்ன மாமா ஒரு முறை வந்தபோது ஆங்கிலக் கொமிக்ஸ் ஒன்றைக் கொடுத்தார். 1975இல் அமெரிக்காவில் மார்வெல் நிறுவனம் தொடங்கிய ஒரு வரிசையில் ஓர் இதழ். அதில் நாயகன் என்று யாருமில்லை. இரண்டு வில்லன்கள் கூட்டுச் சேர்வதும், ஒருவரையொருவர் கழுத்தறுப்பதும், மறுபடி கூட்டுச் சேர்வதும்தான் கதை. ஒருவன் டொக்டர் டூம், லட்வேரியா என்ற கற்பனை நாட்டின் சர்வாதிகாரி, இரும்பு முகமூடிக்காரன். மற்றவன் நேமோர், கடலுக்கடியில் இருக்கும் அட்லான்டிஸின் அரசன், கணுக்காலில் சின்னச் சிறகு முளைத்தவன்.

ஒரே புத்தகம், இரண்டு பேர். ஆகவே நாங்களும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம். ஆறு மாதம் அவனிடம், ஆறு மாதம் என்னிடம். மே முதலாம் திகதியும் நவம்பர் முதலாம் திகதியும் கை மாற வேண்டும். விளையாட்டில் நான்தான் டூம். கடல் அவனுடையது என்பதால் அவன் நேமோர்.

"உனக்கென்ன மச்சான், கரையில நிண்டு திட்டம் போடுவாய். கடலுக்குள்ள குதிக்கிறது நான்" என்பான்.

பெரியவர்களின் உலகமும் அப்போது அந்தப் புத்தகம் போலவே இருந்தது. 1987 ஜூலையில் ஒப்பந்தம், அதே ஒக்டோபரில் யுத்தம். 1989இல் பேச்சுவார்த்தை, 1990 ஜூனில் மறுபடியும் யுத்தம். நேற்று யார் யாருக்கு எதிரி, இன்று யார் யாருக்குக் கூட்டு என்று தேநீர்க்கடையில் கணக்கு வைக்க முடியாமல் போனது. எங்கள் இருவரின் கணக்கு மட்டும் தவறவில்லை. 1990 மே முதலாம் திகதி புத்தகம் அவனிடம் போனது. நவம்பர் முதலாம் திகதி எனக்கு வரவேண்டும்.

ஒக்டோபர் 30ஆம் திகதி எங்களை வெளியேறச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோருக்கும் நடந்தது இது. எனக்கென்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. உம்மா அடுப்பில் வைத்த உலையை இறக்கிவிட்டு, வீட்டைப் பூட்டினார். பூட்டிய சாவியைப் புத்தளத்து முகாமில் கிடுகுத் தடுப்பில் தொங்கவிட்டிருந்தார்.

1992இல் யாரோ கொழும்பு வழியாகக் கொண்டுவந்த கடிதம் ஒன்று என் கைக்குக் கிடைத்தது. நான்கே வரி.

"மச்சான், புத்தகம் என்னட்டக் கிடக்கு. தவணை முடிஞ்சு ரெண்டு வருசம் ஆகப்போகுது. எப்பிடி உன்னட்டச் சேர்க்கிறது எண்டு எழுது. அம்மா சுகம் கேட்டவ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. வீடு போய், கடை போய், வாப்பா கூலிக்கு உப்பு அள்ளப் போகிற நாளில் இவனுக்குக் கொமிக்ஸ் கணக்கா? கடிதத்தை மடித்துப் பெட்டியின் அடியில் போட்டேன். பதில் எழுதவில்லை. எழுதாமல் விட்டது சோம்பலில் அல்ல. துரத்தியவர்களின் பட்டியலில் அவனையும் சேர்த்துவிட்டேன். அவனும் அவர்களுடைய ஆள்தானே என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டேயிருந்தது.

அந்தக் குரல் யாருடையது என்று சில வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் தெரிந்தது. அங்கே நண்பர் ஒருவரிடம் டூம், நேமோர் இருவரின் பழைய கதைகள் கிடைத்தன. 1962இல் ஸ்டான் லீயும் ஜாக் கேர்பியும் செய்தவை. ஞாபகம் இழந்து நியூயோர்க்கின் ஏழைகள் மத்தியில் திரிந்த நேமோருக்கு நினைவு திரும்புகிறது. ஊரைத் தேடிக் கடலுக்குள் போகிறான். அணுகுண்டுச் சோதனையில் ஊர் அழிந்து கிடக்கிறது. சனங்கள் எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. அவன் வில்லனாவது அங்கேதான். சில மாதங்கள் கழித்து டூம் அவனைத் தேடி வருகிறான். உன் எதிரியும் என் எதிரியும் ஒருவரே, வா சேர்ந்து பழிவாங்குவோம் என்பதுதான் அவன் பேச்சின் சாரம். நேமோர் நம்புகிறான். கடைசியில் டூம் எதிரிகளின் கட்டடத்தை அப்படியே விண்வெளிக்கு இழுத்துச் செல்லும்போது நேமோரும் அதற்குள்தான் இருக்கிறான்.

புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் இருந்தேன். விளையாட்டில் நாங்கள் வேஷம் மாறிப் போட்டிருக்கிறோம் என்று தோன்றியது. ஊரிழந்தவன் நான்தான். கோபக்காரனைத் தேடி டூம் வருவான், வெளியிலிருந்தும் வருவான், உள்ளிருந்தும் வருவான். நான் என்னுடைய டூமுக்கு உள்ளேயே ஆசனம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அந்த 1975ஆம் ஆண்டு வரிசையின் பிற்பகுதியையும் அப்போதுதான் வாசித்தேன். மயங்கிக் கிடக்கும் தன் சனங்களை எழுப்ப டூமால்தான் முடியும் என்பதற்காக, நேமோர் தன் மானத்தை விட்டு அவனுக்குச் சேவகம் செய்யச் சத்தியம் செய்கிறான். டூம் ஏமாற்றுவான் என்று எதிர்பார்த்துத்தான் பக்கம் புரட்டினேன். 1977இல் வந்த இதழில் அவன் சொன்னபடியே அந்தச் சனங்களை எழுப்பிக் கொடுக்கிறான். வில்லனும் ஒரு வாக்கைக் காப்பாற்றுகிறான். நான் ஒரு கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

2002இல் யுத்தநிறுத்தம் வந்து ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் போனேன். சோனகத் தெருவில் எங்கள் வீட்டின் சுவர் நின்றது, கூரையில்லை. உம்மாவின் சாவிக்குக் கதவு இல்லை. அன்று பின்னேரமே குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறினேன். வள்ளத்தில் என்னை யாரும் அடையாளம் காணவில்லை.

மாமி என்னைக் கண்டதும் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். நரைத்து, மெலிந்து போயிருந்தார். நண்பன் கனடா போய் எட்டு வருடம் என்றார். தகப்பனார் காலமாகிவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்தார். மேலே நூல் சுற்றிக் கட்டியிருந்தது.

"தம்பி, இது உங்கட. நவம்பர் மாசம் குடுக்கோணும் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். எந்த நவம்பர் எண்டு சொல்லேல்ல. நான் ஒவ்வொரு வருசமும் வெளியில எடுத்து வெயில் காட்டி வைப்பன்."

இடம்பெயர்ந்து ஓடிய நாட்களிலும் அந்தப் பையைத் துணிமூட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடியதாகச் சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. அடுத்தவர் பொருள், திருப்பிக் கொடுக்க வேண்டும். அவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

திரும்பும்போது வள்ளத்தில் வந்த சிறுவன் ஒருவனுக்கு யாரோ நாகத்தையும் கருடனையும் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சிறுவயதில் நான் கேட்டது யார் வென்றது என்று மட்டும்தான். நடுவில் வந்து தன் பொருளையெல்லாம் கொடுத்த அந்த மனிதனைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

அன்றிரவே கனடாவுக்குக் கடிதம் எழுதினேன். பதினொரு வருடம் பிந்திய பதில். மன்னிப்பு என்ற சொல்லை மூன்று முறை எழுதி மூன்று முறையும் வெட்டினேன். கடைசியில், புத்தகம் கிடைத்தது, மாமி சுகம் என்று மட்டும் எழுதித் தபாலில் போட்டேன்.

ஐந்து வாரத்தில் பதில் வந்தது. அதில் சுகம் விசாரிப்புக்கூட இல்லை.

"மச்சான், பன்னிரண்டரை வருசம் புத்தகம் எங்கட வீட்டில இருந்திருக்கு. கணக்குப்படி அடுத்த பன்னிரண்டரை வருசமும் உனக்கு. பிறகு ஒழுங்காத் தரோணும்."

அந்தக் கெடு 2015இல் முடிந்தது. புத்தகம் அந்த வருடமே கனடாவுக்குப் போய்விட்டது. இப்போது தபாற்செலவு கட்டாது என்பதால் ஆறு மாதத்தை ஐந்து வருடமாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.