எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள்

அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு ரைஸ் மில். சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டைகள் குவிந்திருந்த சமயம். நெல் அவிக்கும் பாய்லருக்கு அங்கே உமிதான் எரிபொருள். எதிர்வீட்டு மொட்டைமாடியில் காற்று மாதிரி எடுக்கும் மெஷின் மிக்ஸிபோல் இரைந்துகொண்டிருந்தது. ராத்திரித் தூக்கம் போயிற்று என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுத்ததில் நியாயம் உண்டு.

மெஷினைப் பார்த்துக்கொள்பவர் ஒரு தனியார் ஆய்வகத்தின் களப் பணியாளர், இளைஞர். காலை 6, பகல் 2, இரவு 10 மணிக்குத் தாளை மாற்ற வேண்டும். கண்ணாடி இழைத் தாள்; இடுக்கியால்தான் எடுக்கிறார், விரல் படுவதில்லை. வெள்ளையாக ஏறிய தாள் சாம்பல் நிறத்தில் இறங்கியது. தூசி படிந்த பக்கம் உள்ளே வரும்படி நீளவாக்கில் மடித்து உறையில் போட்டார். நேரத்தையும் காற்றோட்ட அளவையும் எழுதிக்கொண்டார்.

"ஓரம் கிழிஞ்சா எட்டு மணி நேர வேலை போச்சு சார். கரண்ட் கட்டானாலும் தலைவலிதான்."

பத்து மணித் தாளை மாட்டிவிட்டு அங்கேயே சாக்கை விரித்துப் படுத்துவிடுகிறார். அளக்கிற அந்தப் புகையை அவரும்தான் சுவாசிக்கிறார். முகக்கவசம் கழுத்தில் தொங்குகிறது.

அந்தத் தாள்களில் தேடுவது உமிப் புகையோடு வரும் ஆர்செனிக்கை. உமியில் ஆர்செனிக் ஏது? நீர் கட்டிய வயலில் ஆக்சிஜன் குறையும்போது, மண்ணில் இரும்போடு ஒட்டிக்கிடந்த ஆர்செனிக் நீரில் கரைகிறது. சிலிக்காவை உறிஞ்சும் வழியிலேயே நெற்பயிர் அதையும் உறிஞ்சிவிடுகிறது. எரியும்போது அதில் ஒரு பங்கு ஆவியாகி, ஆறியதும் நுண்துகள்கள்மேல் படிகிறது. தாமிர உருக்காலைகளும் நிலக்கரியும் கக்குவதோடு பார்த்தால் இது சொற்பம். ஆனாலும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியானபின், சொற்பம் என்பதையும் அளந்துதானே சொல்ல வேண்டும்?

2009 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தரத்தின்படி, ஆர்செனிக்கின் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 6 நானோகிராமைத் தாண்டக்கூடாது. மெஷின் நிமிடத்துக்கு சுமார் 1.1 கன மீட்டர் காற்றை இழுக்கிறது. ஒரு நாளில் ஏறக்குறைய 1,600 கன மீட்டர். காற்றில் 6 நானோகிராம் இருந்தால்கூட மூன்று தாள்களிலும் சேர்த்து 10 மைக்ரோகிராம்தான் தேறும். ஒரு கிராமில் லட்சத்தில் ஒரு பங்கு!

ஆய்வகத்தில் தாளை நறுக்கி அமிலத்தில் வேகவைக்கிறார்கள். கரைசலோடு சோடியம் போரோஹைட்ரைடு சேர்ந்ததும் ஆர்செனிக் ஆர்சின் வாயுவாகிறது. கொடிய விஷ வாயு என்பதால் வேலையெல்லாம் புகைபோக்கிக் கூண்டுக்குள். சூடான குவார்ட்ஸ் குழாயில் அது 193.7 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்பதுதான் அளவு. மாதிரி எடுக்காத வெற்றுத் தாளுக்கும் இதே சடங்கு உண்டு. "தாள்லயே கொஞ்சம் இருக்கும் சார். அதைக் கழிக்காம நம்பர் சொன்னா அது பொய்" என்றார் அங்கிருந்த வேதியியலாளர் அம்மா.

இவ்வளவு பக்குவமும் அந்த மாடியில் ஒரே ஒரு நாளுக்கு. ஆண்டுச் சராசரிக்கு அதே இடத்தில் வாரம் இரு முறை, வருடத்துக்குக் குறைந்தது 104 அளவீடுகள் வேண்டும் என்கிறது விதி. உங்கள் ஊரில் 'வரம்புக்குள் உள்ளது' என்று யாராவது அறிக்கை நீட்டினால், எத்தனை நாள் எடுத்தது, பாய்லர் அன்றைக்கு ஓடியதா என்று கேளுங்கள்.