ஒரு விரற்கடை

கடலூர் முதுநகரில் உப்பனாறு கடலைத் தொடும் முகத்துவாரம், மீனவர் நாள்தோறும் கடக்கும் வாயில் ஆகும். 2004 டிசம்பர் 26 அன்று தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையில் கண்ணாடியிழையாலான பைபர் படகுகள் பெருகின. மரங்களைப் பிணைத்துக் கட்டிய கட்டுமரத்தைத் துடுப்பும் பாயும் செலுத்தின. பைபர் படகுகள் பலவற்றைச் செலுத்துவதோ பின்பலகையில் மாட்டப்படும் வெளிப்பொறி. 1909இல் அமெரிக்காவில் ஓலே எவின்ருட் தொடங்கிய விற்பனை, இவ்வகைப் பொறி உலகெங்கும் பரவ வழிவகுத்தது.

மணலில் ஏற்றியிருந்த படகொன்றில் இளைஞன் ஒருவன் பொறியை ஒரு துளை உயர்த்தி மாட்டினான். ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி ஏறத்தாழ முக்கால் அங்குலம். நம் முன்னோர் கணக்கில் ஒரு விரற்கடை. பொறி உயர்ந்தால் நீருக்குள் அமிழும் பகுதி குறையும், நீரின் தடை தளரும், படகு விரையும், எரிபொருளும் மிஞ்சும். அவன் கணக்கில் பிழையில்லை.

அவனுடைய தந்தை நேரான மரச்சட்டம் ஒன்றை எராவின் அடியோடு ஒட்டிப் பின்னோக்கி நீட்டினார். விசிறிக்கு மேலே அமைந்த கிடைத்தட்டு, சட்டத்தைவிட உயர்ந்து நின்றது.

"அமைதியா கெடக்குற கடலுக்கு இது போதும் தம்பி. முகத்துவாரத்து அலைக்குப் போதுமா?" என்றார்.

அவ்வினாவின் பொருள் ஆழமானது. ஆற்றுநீரும் கடலலையும் மோதும் இடத்தில், அலைமுகட்டைத் தாண்டும் படகின் பின்புறம் மேலெழும். பொறி அளவுக்கு மீறி உயர்ந்திருந்தால் விசிறி காற்றை உள்ளிழுக்கும். காற்றைவிட நீர் ஏறத்தாழ எண்ணூறு மடங்கு அடர்த்தி மிக்கது. ஆதலால் காற்றில் சுழலும் விசிறிக்குப் பிடிப்பில்லை. பொறி அலறும், படகு நகராது. முகம் திரும்பிய படகின் பக்கவாட்டில் அடுத்த அலை மோதினால் கவிழவும் கூடும். பொறியைக் குளிர்விக்கும் நீர் உட்புகும் துளையும் வெளியே தெரிந்தால், பொறி சூடேறிப் பழுதாகும்.

அதற்காக மிகத் தாழ்த்துவதும் தீர்வாகாது. அப்போது நீரின் தடை மிகும், சுக்கான்பிடி கனக்கும், நீர் பின்னால் வாரியடிக்கும், எரிபொருள் வீணாகும். கிடைத்தட்டு எராவின் அடிமட்டத்தை ஒட்டி அமைவதே பொதுவான தொடக்க நிலை. அதன்பின் வலை, பனிக்கட்டி, ஆட்கள் என உண்மையான சுமையோடு ஓட்டிப் பார்த்து, ஒவ்வொரு துளையாக மாற்றிச் சரியான உயரத்தைக் காண வேண்டும். வெறும் படகில் கண்ட அளவு, சுமையேறிய படகுக்குப் பொருந்தாது.

இளைஞன் மறுமொழி கூறாமல் பொறியை ஒரு துளை இறக்கினான், திருகாணிகளை இறுக்கினான். மறுநாள் விடியலில் படகு முகத்துவாரத்தை அடைந்தது. முதல் அலை படகைத் தூக்கியது; இரண்டாம் அலையும் தூக்கியது. பொறியின் ஒலி மாறவில்லை. சுக்கான்பிடியில் இருந்த அவன் கைக்கு, நேற்று இழந்ததாக எண்ணிய ஒரு விரற்கடையின் மதிப்பு அப்போது விளங்கியது. தந்தை அலையைப் பார்த்தவாறே அமர்ந்திருந்தார்.