வாழ்நாள் சான்று

மன அமைதியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதை அடைந்துவிட்டவர்களாகவே எழுதுகிறார்கள். நான் அதை எட்டு மாதம் வைத்திருந்து, ஒரு நவம்பரில் இழந்தவன்.

அப்பா இறந்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எழுதித் தந்த டாக்டர், காலையில் கொஞ்ச நேரம் சும்மா உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். விடிவதற்கு முன் இருபது நிமிஷம், மூச்சு வருவதையும் போவதையும் கவனித்துக்கொண்டு. மாலையில் தோரோவின் 'வால்டன்', மார்க்கஸ் அரேலியஸின் குறிப்புகள். நம் பத்திரிகைகளில் ஓயாமல் அடிபடும் 'பிரக்ஞை' என்ற சொல் ஒரு கோட்பாடாக அல்லாமல், என் உடம்புக்குள்ளேயே இருக்கும் ஓர் இடத்தின் பெயராக முதல் தடவை பட்டது.

பாங்கில் இதன் பலன் உடனே தெரிந்தது. முன்பெல்லாம் கவுண்டரில் யாராவது கத்தினால் நானும் கத்துவேன். இப்போது கத்துகிறவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு கண்ணாடி இருந்தது. கவுண்டரில் பொருத்தியிருக்கும் கண்ணாடியைச் சொல்லவில்லை. சக ஊழியர்கள் என்னைச் 'சாமியார்' என்றார்கள். உள்ளூர எனக்கு அது பிடித்திருந்தது.

நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்களின் மாதம். தாம் உயிரோடு இருப்பதாக அவர்கள் அப்போது சான்று தரவேண்டும். தராவிட்டால் பணம் நின்றுபோகும். பிறகு தந்தால் நிலுவையோடு வரும்; ஆனால் நடுவில் உள்ள நாட்களை எதைக்கொண்டு ஓட்டுவது என்பதற்கு விதிகளில் இடமில்லை. 2014லிருந்து கைரேகையை வைத்துக் கணினி வழியாகவும் சான்று தரலாம். வயதானவர்களின் ரேகை தேய்ந்து போயிருப்பதால் பலருக்கு அது பதிவதில்லை. அப்போது பழையபடி காகிதப் படிவத்தில் அதிகாரியின் கையெழுத்து வாங்கிவிடலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அந்த அம்மாளுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கணவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். குடும்ப ஓய்வூதியம். முதல் நாள் ரேகை பதியவில்லை. "நாளைக்கு வாங்கம்மா" என்றேன், சாந்தமாக. இரண்டாம் தடவை வந்தபோது, விரலைத் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னேன். பதியவில்லை. "நாளைக்கு வாங்க." அந்தச் சாந்தம் குறையவே இல்லை. மூன்றாம் தடவையும் கருவி சிவப்பு விளக்கைக் காட்டியபோது அந்த அம்மாள் கேட்டாள்:

"மெஷினுக்குத்தான் தெரியல. நான் இருக்கிறது உனக்குமா தெரியல, தம்பி?"

கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். மூன்று நாளாக வந்து போனவளின் முகத்தை அன்றுதான் பார்க்கிறேன். கையை நீட்டியபடியே இருந்தாள். விரல் நுனிகள் வழுவழுவென்று இருந்தன. வீட்டிலேயே வைத்து இருபது வருஷம் செயற்கைக் கல் பட்டை தீட்டினாளாம். திருச்சிக்காரர்களுக்கு அந்தக் கைகளை விளக்க வேண்டியதில்லை. படிவத்தை எடுத்து, நிரப்பி, நானே உள்ளே போய் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி வந்தேன். நாலு நிமிஷம் ஆயிற்று.

மறுநாள் விடியுமுன் வழக்கம்போல உட்கார்ந்தேன். மூச்சு வந்தது, போயிற்று. அமைதி எப்போதும்போலத் தயாராக இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. ஒரு கிழவியை மூன்று நாள் அலைக்கழித்த பிறகும் அலுங்காமல் இருக்கும் இது என்ன? நான் கவனித்துக்கொண்டிருந்தது என் மூச்சை மட்டும்தான். கவனம் என்று நினைத்தது, தொந்தரவு உள்ளே வராமல் கதவைச் சாத்திக்கொள்ளும் சாமர்த்தியம்.

பழைய புத்தகங்களை மறுபடி எடுத்தேன். தோரோ தன் குடிலுக்கு ஆன செலவை 28 டாலர் 12½ சென்ட் என்று அரை சென்ட் வரை கணக்கெழுதியவர். குமாஸ்தாவான எனக்கு முதல் தடவையே பிடித்திருந்த இடம் அது. ஆனால் அதே வால்டனில் இருந்த காலத்தில், 1846ல், அடிமை முறையைக் காக்கும் அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்று ஓர் இரவு சிறையில் இருந்தார் என்பதைத் தனிச் செய்தியாகவே வைத்திருந்தேன். இரண்டும் ஒரே கவனம் என்று தோன்றவில்லை. மார்க்கஸ் அரேலியஸ் காலையில் தன்னைத் தயார்செய்துகொள்வது, அன்று எதிர்ப்படப்போகும் நன்றிகெட்டவர்களையும் தலையிடுகிறவர்களையும் உறவாக நினைத்துச் சந்திப்பதற்கு. நான் தயாரானது அவர்களைச் சந்திக்காமல் இருப்பதற்கு.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே எட்டு மாதத்தில் ஓர் இளைஞரின் முதல் கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். நிதானமான, நடுநிலையான மதிப்புரை என்று நண்பர்கள் சிலர் பாராட்டினார்கள். 'இவற்றில் உயிரில்லை' என்பது அதன் சாரம். உண்மையில் முதல் சில பக்கங்களைத்தான் படித்திருந்தேன். எலியட்டிடமிருந்து கல்லூரி நாட்களில் வாங்கி வைத்த என் கருவியில் அவருடைய ரேகை பதியவில்லை, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன். அந்த அம்மாளுக்குப் பிறகு தொகுதி முழுவதையும் படித்தேன். பெரும்பாலானவை இப்போதும் எனக்குச் சுமாராகவே படுகின்றன. இரண்டு கவிதைகள் உயிரோடிருந்தன; கடைசிப் பக்கங்களில். கவிஞருக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. அவர் பதில் போடாதது நியாயம்தான்.

இப்போதும் காலையில் உட்காருகிறேன். பத்து நிமிஷம் மூச்சு. மிச்ச நேரம், முந்தின நாள் கவுண்டருக்கு வந்தவர்களில் யார் முகம் ஞாபகமிருக்கிறது என்று பார்க்கிறேன். நான்கைந்து தேறும், சில நாள் ஒன்றுகூட இல்லை. தூக்கம் முன்போல இல்லை. அமைதி என்று இதைச் சொல்லமுடியாது. ஆனால் நாள் என்று ஒன்று நடந்தது என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது.

இந்த நவம்பரில் அந்த அம்மாள் வரவில்லை. இப்போது முகத்தைக் கைபேசியில் காட்டியே சான்று தந்துவிடலாம். கடைசி வாரம், சான்று தராதவர்களின் பட்டியல் வந்தது. கூப்பிட்டுச் சொல்ல வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் பெயர் அதில் இல்லை. இருக்கிறாள்.

பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு வரிசையில் நிற்பவரை நிமிர்ந்து பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.