காவற்பூதம்

மலருக்குக் கட்டுரை கேட்ட அன்பர்கள் எம்மிடம் யாப்பையோ அணியையோ எதிர்பார்த்திருக்கக்கூடும். யாமோ யட்டியாந்தோட்டையிற் கண்ட ஒரு பூதத்தைப் பற்றி எழுதத் துணிந்தோம், பொறுத்தருள்க.

யாம் கற்பிக்கும் தோட்டப் பாடசாலையிற் பழைய கணினியொன்று உண்டு. லினக்ஸ், அதிலும் தெபியன் என்னும் பதிப்பில் இயங்குவது. வினாத்தாள்களும் புள்ளிப்பட்டியல்களும் அதன் வயிற்றிலேயே. சென்ற ஆண்டு, நாள்தோறும் காலை பத்து மணியானதும் அஃது ஆமையாகிவிடும். அவ்வேளையில் அதன்முன் அமர்பவன் ரப்பர் பால்வெட்டும் தாயொருத்தியின் மகன். ஏதோ விளையாட்டை ஏற்றிவிட்டான் என ஐயுற்று, அவனை அறைக்கு வரவேண்டாமென்றோம். அவன் மறுத்துரைக்கவில்லை, மௌனத்தைக் குற்றத்தின் ஒப்புதலாகக் கொண்டோம். அவன் வாராத பின்னும் தளர்ச்சி நீங்கவில்லை.

பின்னணியில் ஓய்வின்றி ஏவல் செய்யும் நிரலை யூனிக்ஸ் உலகத்தார் ‘டீமன்’ என்பர். 1963ஆம் ஆண்டளவில் மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், மாக்ஸ்வெல் கற்பனை செய்த, மூலக்கூறுகளைப் பிரித்தனுப்பும் பூதத்தை நினைந்து இட்ட பெயர் அது. எமக்கோ சிலப்பதிகாரத்துச் சதுக்கப்பூதமே நினைவில் எழுந்தது. அது தீயோரைப் பிடித்து விழுங்கும். இது விழுங்காது, குறித்து வைக்கும்.

‘அட்டொப்’ என்னும் கண்காணிப்பு நிரலை நிறுவ ஒரு கட்டளை வரியே போதுமாயிருந்தது. நிருவாகிக்குரிய கடவுச்சொல்லை நினைவுகூர்வதிலேதான் அரைமணி கழிந்தது. நிறுவியதும் அது தானே இயங்கத் தொடங்கி, 600 விநாடிக்கொருமுறை செயலியின் சுமை, நினைவகம், வட்டின் உழைப்பு, ஒவ்வொரு நிரலின் பங்கு ஆகியவற்றை அன்றன்றைக்குரிய கோப்பிற் பதிந்தது. இடைவெளியை 60 விநாடியாக்க எண்ணிப் பின் விட்டுவிட்டோம். நோயாளியின் நாடியை நொடிக்கொருதரம் பிடித்துப் பார்ப்பதும் ஒரு தொல்லையன்றோ!

இடையில் ஒரு போயா விடுமுறை வந்தது. பாடசாலை பூட்டிக்கிடந்தது, கணினி மட்டும் விழித்திருந்தது. மறுநாள் அக்கோப்பைத் திறந்து, ‘டீ’ விசையை அழுத்தி அழுத்திக் காலத்தில் முன்சென்றோம். பத்து மணிக்கு வட்டின் வரி சிவந்தது: உழைப்பு 98 விழுக்காடு. ஆளில்லாத அறையில்! கீழே காரணமான நிரலின் பெயர் இருந்தது. கோப்புகளை மற்றொரு வட்டுக்குப் படியெடுக்க யாமே எழுதிவைத்த நிரல் அது. இரவு பத்து மணிக்கென்று கருதி, 22 என எழுதவேண்டிய இடத்தில் 10 என எழுதியிருந்தோம்.

அன்றே அவனை அழைத்து, வகுப்பின் முன்னிலையில் நடந்ததைச் சொன்னோம். சற்று நேரம் நிலத்தையே பார்த்துநின்றான். பின்னர், “அந்த வரிய நான் மாத்தவா சேர்?” என்றான். யாம் எழுந்து இருக்கையை விட்டுக்கொடுத்தோம்.