மோவாயில் ஒரு கறுப்பு வட்டம்

நான் வேலை செய்வது பாயான் லெப்பாஸில், சர்க்கிட் போர்டுகளைப் பரிசோதிக்கும் பிரிவில். சிப்புக்கு அடியில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன சோல்டர் உருண்டைகள் இருக்கும். மேலிருந்து எந்த லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் அவை தெரியாது. அதனால் எக்ஸ்ரே. எங்கள் திரையில் உலோகம் கறுப்பாகவும், உருண்டைக்குள் மாட்டிக்கொண்ட காற்றுக்குமிழி வெளுப்பாகவும் விழும். ஐந்து வருடமாக வெளுப்பையே தேடிப் பழகிய கண் எனக்கு.

பல் மருத்துவத்தில் இது அப்படியே தலைகீழ். அடர்த்தியானது வெள்ளை, இல்லாதது கறுப்பு. எனாமலும் பழைய வெள்ளி அடைப்பும் பளீரென்று தெரியும், எலும்பு வலை பின்னிய சாம்பல் நிறம். போன வருடம் அம்மாவின் பல் எக்ஸ்ரே வாட்ஸப்பில் வந்தபோது, எது இருக்கிறது எது இல்லை என்று பிடிபடவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கண்ணில் பட்டது அந்த வட்டம்தான். கீழ்த்தாடையில், கடைவாய்ப்பல்லுக்கு முன்னால் இருக்கும் சின்னப் பல்லின் வேர்நுனியில், பச்சைப்பயறு அளவுக்கு ஒரு கறுப்பு.

கூடவே குரல்பதிவு. “பல்லுக்கு அடியில சீழ் கட்டியிருக்காம்டா. நரம்ப எடுத்துட்டு அடைக்கணுமாம், ஆயிரத்து நானூறு வெள்ளி. இல்லன்னா புடுங்கிடலாம்னு சொல்றாங்க. புடுங்கிடவா?”

சுங்கை பட்டாணியில் ஏதோ ஒரு தனியார் கிளினிக். அவர்கள் சொன்னதை உளறல் என்று தள்ள முடியாது. பல்லுக்குள் இருக்கும் சதை செத்துப்போனால் கிருமி வேர்நுனி வழியாக வெளியேறும், அங்கே எலும்பு கரையும், எலும்பு கரைந்த இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். பாடப்புத்தகப் படமே இப்படித்தான் இருக்கும். பிரச்சினை என்னவென்றால், அதே இடத்தில் எல்லோருக்குமே பிறவியிலேயே ஒரு துளை இருக்கிறது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடிவரும் நரம்பு, உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்க வெளியே வரும் வாசல் அது. இடம் ஒன்று, வலம் ஒன்று. பெரும்பாலானவர்களுக்கு அந்தச் சின்னப் பற்களின் வேர்நுனியை ஒட்டியே இருக்கும். மெண்டல் ஃபோரமென் என்று பெயர். (மனசுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. லத்தீனில் மெண்டும் என்றால் மோவாய். நான் இதைச் சொன்னதும் அப்பா ரொம்ப நேரம் சிரித்தார்.)

அன்றிரவு இதையெல்லாம் படித்துவிட்டு நான் பல் டாக்டர் ஆகிவிடவில்லை. ஆனால் ஒரு விஷயம் எங்கள் தொழிற்சாலையிலும் உண்டு. ஒரே கோணத்தில் எடுத்த ஒரே படத்தை வைத்து நாங்கள் எந்தப் போர்டையும் தூக்கிப் போடமாட்டோம். எக்ஸ்ரே படம் என்பது நிழல். முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒரே தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். குமிழி உருண்டைக்குள் இருக்கிறதா, அதற்கு மேலோ கீழோ இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் போர்டைச் சாய்த்து இன்னொரு படம் எடுக்க வேண்டும். “புடுங்க வேணாம்மா, ஞாயித்துக்கிழமை வரேன்” என்றேன். கெடாவில் ஞாயிறு வேலைநாள் என்பது இப்படிச் சில நேரம் உதவும்.

அரசாங்கப் பல் கிளினிக்கில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். டாக்டர் என் வயதுதான் இருப்பார், மலாய்ப் பெண். படத்தைக் கையில் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, முதலில் பஞ்சில் எதையோ ஸ்பிரே செய்து உறையவைத்து அந்தப் பல்லில் தொட்டார். “ஆன்ட்டி, சாக்கிட் தாக்?” அம்மா நாற்காலியிலிருந்து அரை அடி எழும்பிவிட்டார். டாக்டர் தலையாட்டினார். செத்த பல்லுக்குக் குளிர் தெரியாது.

அடுத்தது இன்னொரு படம். அம்மாவுக்கு அதில் பயம். “எத்தன தடவதான் எடுப்பாங்க, புத்துநோய் வந்துடாது?” அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. ரொண்ட்கன் 1895 நவம்பரில் கதிரைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், ஓட்டோ வால்காஃப் என்ற ஜெர்மன் பல் மருத்துவர் தன் வாயையே படம் எடுத்துக்கொண்டார். அதற்கு 25 நிமிடம் கதிரில் கிடந்தார். நியூ ஆர்லியன்ஸில் எட்மண்ட் கெல்ஸ் என்பவர் குழாயைச் சரிசெய்ய ஒவ்வொரு முறையும் தன் கையையே கதிருக்கு முன் நீட்டிப் பார்ப்பார். கையில் புற்றுநோய் வந்தது. விரல்கள் போயின, பிறகு கையே போனது. 1928இல் தற்கொலை செய்துகொண்டார். இன்றைய டிஜிட்டல் சென்சாருக்கு நொடியில் ஒரு பங்கு நேரம் போதும். அம்மாவிடம் கெல்ஸைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

டாக்டர் இந்த முறை குழாயைக் காதுப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவைத்தார். கிளார்க் என்பவர் 1910 வாக்கில் சொன்ன முறை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பினாங்கிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஓரத்துச் செம்பனை மரங்கள் பின்னால் ஓடும், தூரத்தில் ஜெராய் மலை நம்மோடே வரும். குழாய்க்குப் பக்கத்தில் இருப்பது எதிர்த்திசையில் நகரும், தள்ளி இருப்பது கூடவே வரும். மோவாய்த் துளை எலும்பின் வெளிப்பக்கம், அதாவது கன்னத்துப் பக்கம் இருக்கிறது. வேர் அதற்கு உள்ளே. இரண்டாவது படத்தில் வட்டம் முன்பக்கமாக நகர்ந்து, வேரைவிட்டுத் தனியாக நின்றது. சீழாக இருந்திருந்தால் குழாயை எப்படித் திருப்பினாலும் வேர்நுனியைப் பிடித்துக்கொண்டே வந்திருக்கும்.

டாக்டர் முதல் படத்திலும் ஒன்றைக் காட்டினார். வேரைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு, கறுப்பு வட்டத்தின் குறுக்கேயும் அறுபடாமல் ஓடுகிறது. லாமினா டியூரா. பல் உட்கார்ந்திருக்கும் குழியின் எலும்புச் சுவர் அது. சுற்றியுள்ள எலும்பைவிட அதில் ஒன்றும் சுண்ணாம்பு அதிகமில்லை. கதிர் அந்த மெல்லிய சுவரை நீளவாக்கில் கடப்பதால்தான் அப்படி வெளுத்துத் தெரிகிறது. முட்டை ஓட்டின் விளிம்பு அடர்த்தியாகத் தெரிவதுபோல. ஒரு பொறியாளனாக அந்த நாளில் எனக்குப் பிடித்த விஷயம் இதுதான். படத்தில் கோடு, வாயில் அப்படி ஒரு கோடே கிடையாது. ஆனாலும் நோய் வந்தால் முதலில் அறுபடுவதில் அதுவும் ஒன்று.

அப்படியானால் வலி எங்கிருந்து? சென்சாரைக் கடித்துப் பிடித்து, மேல்பல் கீழ்பல் இரண்டின் தலையும் ஒன்றாக விழும்படி மூன்றாவதாக ஒரு படம். பக்கத்துக் கடைவாய்ப்பல்லில் இருபது வருடத்து வெள்ளி அடைப்புக்கு அடியில் லேசான கறுப்பு. முதல் படத்தில் சாய்வால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு அதை மறைத்திருந்தன. தாடை நரம்புக்கு எந்தப் பல் என்று சரியாகச் சொல்லத் தெரியாது, அம்மா பக்கத்துப் பல்லைக் காட்டியிருக்கிறார். படத்தில் தெரிவதைவிட உள்ளே சொத்தை ஆழமாகத்தான் இருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே எச்சரித்தார். அப்படியே இருந்தது. பழையதைத் தோண்டி எடுத்துப் புதிதாக அடைத்தார்கள். அவ்வளவுதான்.

தாடை முழுவதையும் காட்டும் ஓபிஜி தேவைப்படவில்லை. அதில் அம்மாவுக்குத்தான் நிம்மதி. தோடு, மூக்குத்தி, தாலிக்கொடி எல்லாம் கழற்ற வேண்டியிருந்திருக்கும். கழற்றாவிட்டால் இடக்காதுத் தோட்டின் பேய் நிழல் வலப்பக்கம், கொஞ்சம் மேலே ஏறி, மங்கலாக விழும். அதையும் யாராவது நோய் என்று படித்துவைப்பார்கள்.

கிளம்பும்போது டாக்டர் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அந்தத் துளை வாழ்நாள் முழுக்க ஒரே இடத்தில் இருப்பதில்லை. பிறந்த குழந்தைக்குத் தாடையின் கீழ்விளிம்பை ஒட்டி இருக்கும். வளர்ந்தவர்களுக்கு நடுவில். பற்கள் எல்லாம் போனபிறகு மேல்பக்க எலும்பு தேய்ந்து தேய்ந்து, துளை ஈறின் உச்சிக்கே வந்துவிடும். அப்போது பல்செட் போட்டால் அது நேராக நரம்பின்மேல் உட்காரும்.

காரில் ஏறியதும் பாட்டியைப் பற்றிப் பேசினோம். தோட்டத்து வீட்டில் அவருடைய பல்செட் மைலோ டின்னில்தான் கிடக்கும். போட்டால் உதட்டில் கரண்டு அடிக்கிறது என்பார். பழகிக்கொள்ள மாட்டேன் என்கிறார், பிடிவாதம் என்று வீட்டில் எல்லோருக்கும் அவர்மேல் கோபம். இதுதான் காரணமா என்று இனி யாரும் படம் எடுத்துப் பார்க்க முடியாது. அம்மாவின் உதடு இன்னும் மரத்துத்தான் இருந்தது, வார்த்தைகள் வழுக்கி வழுக்கி வந்தன.

“கல்யாண வீட்டுக்கு மட்டும் போட்டுக்கிட்டு வருவாங்க. போட்டோ எடுத்து முடிச்சதும் அந்தப் பக்கம் திரும்பிக் கழட்டி, முந்தானையில முடிஞ்சிப்பாங்க.”