மலாக்காவில் ஒரு பகல்

மலேசியாவுக்குச் சென்று வந்தவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம் கடற்கரை ஊர்களில் அரிது. மகனைப் பார்க்கவும், மகளின் பேறுகாலத்திற்குத் துணையிருக்கவும், வணிகத்தின் பொருட்டும் கோலாலம்பூர் செல்லும் நம்மவர், இரட்டைக் கோபுரத்தைக் கண்டு, கடைவீதிகளில் துணிமணி வாங்கிக்கொண்டு ஊர் திரும்பி விடுகின்றனர். வாசக அன்பர்களே! அடுத்த முறை அங்குச் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிட்டுமானால், ஒரே ஒரு பகலை மலாக்காவுக்கென ஒதுக்கி வையுங்கள். நம் முன்னோர் வணிகம் செய்து, அதிகாரம் பெற்று, அதனை இழந்தும் நின்ற நகரம் அது.

கோலாலம்பூரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர். தெற்குப் பேருந்து முனையத்திலிருந்து அடிக்கடி பேருந்துகள் உண்டு. சுபுஹுத் தொழுத கையோடு புறப்பட்டால், வெயில் ஏறுமுன் மலாக்காவை அடைந்து விடலாம். பேருந்து நிலையம் ஊருக்குச் சற்று வெளியே உள்ளது. அங்கிருந்து நகரப் பேருந்திலோ வாடகைக் காரிலோ ஏறி, டச்சுச் சதுக்கத்தில் இறங்குங்கள்.

சிவப்பு வண்ணக் கட்டடங்கள் உங்களை வரவேற்கும். ஸ்டாட்ஹைஸ் எனப்படும் டச்சு ஆளுநர் மாளிகை 1650ஆம் ஆண்டளவிலும், அருகிலுள்ள கிறிஸ்தவ ஆலயம் 1753ஆம் ஆண்டிலும் கட்டப்பட்டவை. பூக்களால் அலங்கரித்த மூன்று சக்கர வண்டிகள் பாட்டொலியுடன் உங்களைச் சூழ்ந்து கொள்ளும். பிள்ளைகள் ஏறவேண்டும் என்று அடம் பிடிப்பார்கள். கட்டணத்தை முன்னதாகவே பேசிக்கொள்வது நலம்.

சதுக்கத்தின் பின்புறம் ஒரு சிறு குன்று. மேலே கூரையிழந்த பழைய தேவாலயம் ஒன்று நிற்கிறது. அங்கிருந்து மலாக்கா நீரிணை தெரியும். குன்றின் மறுபுறம் இறங்கினால், தனித்து நிற்கும் ஒரு கல்வாயிலைக் காண்பீர்கள். எல்லோரும் நிழற்படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது. நீங்கள் சிறிது நேரம் அங்கே நில்லுங்கள்.

1400ஆம் ஆண்டளவில் பரமேசுவரா என்னும் இளவரசரால் தோற்றுவிக்கப்பட்ட மலாக்கா, விரைவிலேயே இஸ்லாமிய அரசாக மலர்ந்தது. பருவக் காற்றுக்குக் காத்திருக்கும் கப்பல்கள் யாவும் ஒதுங்கும் துறைமுகம் அது. இந்நகரில் 84 மொழிகள் பேசப்பட்டதாகப் போர்த்துகீசியரான டோமே பிரெஸ் எழுதி வைத்துள்ளார். வெளிநாட்டு வணிகரின் நலன் காக்க நான்கு ஷாபந்தர்கள் நியமிக்கப்பட்டிருந்தனர். குஜராத்தியருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர் என்றிருந்த அந்த முறையில், தமிழகக் கரையிலிருந்து சென்றோரின் நலனைக் கவனிக்கவும் ஒருவர் இருந்தார்.

வணிகராக வந்தோர் அரண்மனைக்குள்ளும் சென்றனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த மணி புரிந்தான் என்பாரின் வழித்தோன்றல்களைத் தமிழ் முஸ்லிம்கள் என்றே வரலாற்றாசிரியர் பலர் குறிப்பிடுகின்றனர். அவ்வழியில் வந்த துன் முத்தாஹிர், பெண்டஹாரா எனப்படும் முதலமைச்சர் பதவியில் அமர்ந்தார். செல்வமும் செல்வாக்கும் அவரிடம் குவிந்தன. பொறாமையும் உடன் வளர்ந்தது.

அவருக்கு ஃபாத்திமா என்றொரு மகள். அவளது அழகை மறைத்து விட்டார் என்று சுல்தான் மஹ்மூதுக்கு மனத்தாங்கல். அவ்வேளையில், முத்தாஹிர் அரியணையைக் கவரத் திட்டமிடுகிறார் என்றொரு கோள் சுல்தானின் செவிக்கு எட்டியது. விசாரணை எதுவுமின்றி 1510ஆம் ஆண்டில் அவரும் அவர் குடும்பத்து ஆண்களும் கொல்லப்பட்டனர். பின்னர் அது பொய் என அறிந்த சுல்தான் பெரிதும் வருந்தினார் என்றும், அவரை மணக்க நேர்ந்த ஃபாத்திமா அதன்பின் சிரித்ததே இல்லை என்றும் மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு கூறுகிறது.

மறு ஆண்டே, 1511இல், அல்புகெர்க் தலைமையில் போர்த்துகீசியக் கப்பற்படை வந்தது. அவர்களிடம் பீரங்கி வலிமை இருந்தது உண்மை. ஆயினும் மூத்த அமைச்சரையும் அவர் குடும்பத்தாரையும் தானே வெட்டி வீழ்த்திவிட்ட ஓர் அரசு, உள்ளத்தால் ஒன்றுபட்டு நின்றிருக்க முடியுமா? ஆகஸ்டு மாதம் நகரம் வீழ்ந்தது. பள்ளிவாசலையும் சுல்தான்களின் அடக்கத்தலங்களையும் இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பத் தொடங்கினர். 1641இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1807ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் அதனை வெடி வைத்துத் தகர்த்தனர். அதன் வாயில்களில் மிஞ்சியது நீங்கள் காணும் இது ஒன்றே. அதன்மேல் டச்சுக் கம்பெனியின் முத்திரையும் 1670 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. கோட்டைக்குள் சென்ற பள்ளிவாசற் கற்கள் எவையென்று இன்று எவராலும் பிரித்துக் காட்ட இயலாது.

அருகிலேயே, பழைய நூல் வருணனையைத் தழுவி மரத்தால் அமைக்கப்பெற்ற சுல்தானின் அரண்மனை அருங்காட்சியகமாக உள்ளது. அதனைப் பார்த்துவிட்டு, பாலத்தைக் கடந்து ஆற்றின் அக்கரைக்கு வாருங்கள். லுஹர் நேரம் நெருங்கியிருக்கும்.

ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் உள்ளது. இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748ஆம் ஆண்டில் மரத்தால் கட்டி, 1872இல் செங்கல்லால் புதுப்பித்த பள்ளி இது. குவிமாடம் இல்லை. மூன்றடுக்குக் கூம்புக் கூரையும், சீனக் கோபுரம் போன்ற மினாராவும் உண்டு. உள்ளே ஐரோப்பியப் பாணித் தூண்கள், மெருகிட்ட தரைக்கற்கள், நுணுக்கமான மரச் செதுக்கல் கொண்ட மிம்பர், தொங்கும் சரவிளக்கு. வெளியே நம் ஊர்ப் பள்ளிகளில் உள்ளதைப் போன்றே ஹவுள். அதில் உளூச் செய்து, பயணிகளுக்குரிய சலுகைப்படி சுருக்கித் தொழுங்கள். 'கிளிங்' என்பது தென்னிந்தியரைக் குறித்த பழைய சொல். பிற்காலத்தில் அது இழிசொல்லாகத் திரிந்தது. பெயரை வசையாக்கியவர்கள் மறைந்தார்கள். வணிகர் எழுப்பிய பள்ளியில் பாங்கொலி ஓயவில்லை.

அதே வீதியில் 1781இல் எழுந்த விநாயகர் கோயிலும், சற்றுத் தொலைவில் பழமையான சீனக் கோயிலும் உள்ளன. ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் நெடுங்காலமாக நிற்கும் இக்காட்சியைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக் காட்டுங்கள்.

உணவில் ஓர் எச்சரிக்கை. மலாக்காவின் புகழ்பெற்ற கோழிச்சோற்று உருண்டை விற்கும் கடைகள் பல ஹலால் அல்ல. அரசின் ஹலால் முத்திரையைப் பார்த்த பின்னரே அமருங்கள். 'மாமாக்' எனப்படும் நம்மவர் கடைகளில் அந்தக் கவலை இல்லை. தென்னஞ்சர்க்கரைப் பாகு ஊற்றிய செண்டோல் குடிக்க மறவாதீர்கள். மலாய்க்காரர் கடையைக் 'கெடாய்' என்றும், கப்பலைக் 'கப்பால்' என்றும், மார்க்கம் அறிந்த பெரியவரை 'லெபாய்' என்றும் அழைப்பதைக் கேட்கும்போது, நம் கடையும் கப்பலும் லெப்பையும் அங்கே குடியேறி நிலைத்திருப்பதை உணர்வீர்கள்.

மாலையில் நேரமிருந்தால் 1728இல் தோன்றிய கம்போங் ஹுலு பள்ளியையும், தெங்கெரா பள்ளியையும் காணலாம். தெங்கெராவில் ஜொகூர் சுல்தான் ஹுசைன் அடங்கியுள்ளார். சிங்கப்பூரில் ஆங்கிலேயர் கால்பதிக்கக் கையெழுத்திட்டவர் அவரே. தம் நாட்டை விட்டு மலாக்காவில் வந்து 1835இல் மறைந்தார்.

மஃரிபுக்கு மலாக்கா தீவிலுள்ள நீரிணைப் பள்ளிவாசலுக்குச் செல்லுங்கள். 2006இல் திறக்கப்பட்ட இப்பள்ளி, கடல் பொங்கும் வேளையில் நீரில் மிதப்பது போலத் தோன்றும். தொழுகை முடித்து இரவுப் பேருந்தில் திரும்பிவிடலாம்.

2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கற்களைப் பாதுகாக்க அரசும் உலக அமைப்பும் உள்ளன. ஒரு கோள் சொல்லால் ஒரு குடும்பம் அழிந்ததையும், மறு ஆண்டே அந்நாடே வீழ்ந்ததையும் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு நம்முடையது. திரும்பும் பேருந்தில் இரண்டு மணி நேரம் இருக்கிறது. அப்போது சொல்லுங்கள்.