ஒரு அழுத்து 72 ரூபா



வாசனை விசயத்தில் எங்களை யாரும் கஞ்சர்கள் என்று சொல்ல மாட்டார்கள். ஜும்ஆவுக்கு அத்தர் பூசாமல் வாசல்படி இறங்காத ஆட்கள். பாடசாலையில் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் சில வருடங்களாகச் சேர்ந்தே வாசனை வாங்குகிறோம். யாராவது கொழும்புக்குப் போனால் புறக்கோட்டையில் மூவருக்கும் எடுத்து வருவார். பிறகு ஆசிரியர் அறையில் பங்கு பிரிப்போம்.

இந்தமுறை கொஞ்சம் பெரிய விளையாட்டு. "நிஷ்" பெர்ஃபியூம் என்று சொல்கிறார்களே, எல்லாக் கடையிலும் கிடைக்காது, கொஞ்சமாகத்தான் செய்வார்கள், விலை மட்டும் வானத்தில் இருக்கும், அந்த வகை. வெள்ளைப்பூ வாசம், அதிலும் மல்லிகை. வளைகுடாவில் இருந்து லீவில் வந்த ஒரு சகோதரரிடம் சொல்லி எடுப்பித்தோம். 100 மில்லி போத்தல், நம்ம காசுக்கு 72,000 ரூபா. ஆளுக்கு 24,000. மாதம் 4,000 வீதம் ஆறு மாதம் சீட்டு மாதிரி சேர்த்த காசு.

பெட்டியைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. காந்தம் வைத்த மூடி, உள்ளே பட்டுத்துணி, இரவில் பூக்கும் தோட்டத்தைப் பற்றி ஒரு சிறிய அட்டை. போத்தலைக் கையில் எடுத்தால் கல்லு மாதிரிப் பாரம்.

வாசம்? முதல் ஐந்து நிமிடம் தேசிக்காய்த் தோல் மாதிரி ஒரு சுள்ளென்ற தொடக்கம். பிறகு மெல்லிய, சுத்தமான, எந்தக் குறையும் சொல்ல முடியாத ஒரு பூ. பிறகு சவுக்காரம். இரண்டு மணித்தியாலத்தில் அதுவும் இல்லை. கெட்ட வாசமா என்றால் இல்லை. அதுதான் பிரச்சினையே. திட்டுவதற்குக்கூட அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த நாள் தரம் 9 பிள்ளை ஒன்று நல்ல மனதோடு கேட்டது: "சேர், புது உடுப்புப் பவுடரா? நல்ல வாசமா இருக்கு." எங்களில் ஒருவருடைய உம்மா கையை மணந்து பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டா: "இதுல பூ எங்க மகன்?"

உம்மாவின் கேள்விக்கு எங்களில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர் பதில் சொன்னார். மல்லிகைப் பூவில் இன்டோல் என்று ஒரு இரசாயனம் இருக்கிறது. அதே பொருள் மலத்திலும் இருக்கிறது. செறிவாக மணந்தால் முகத்தைச் சுளிக்க வைக்கும். ஆனால் பூவில் இருக்கிற அந்தக் கொஞ்ச அளவுதான் மஃரிபுக்குப் பிறகு முற்றத்து மல்லிகை விரியும்போது வரும் அந்த மயக்கத்தைத் தருகிறது. அதைக் குறைத்துவிட்டால் மல்லிகை குளித்து முடித்த மாதிரி சுத்தமாகிவிடும். யாருக்கும் தலை வலிக்காது. யாருக்கும் ஊர் ஞாபகமும் வராது.

இன்னொன்றும் சொன்னார். ஒரு கிலோ அசல் மல்லிகைச் சாறு எடுக்க 600 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். தமிழ்நாட்டில் மதுரை, கோயம்புத்தூர்ப் பக்கம் விளையும் மல்லிகையில் இருந்து இப்படிச் சாறு எடுத்து பிரான்ஸ் வரை அனுப்புகிறார்கள். அதனால்தான் வாசனைக் கம்பனிகள் ஹெடியோன் மாதிரியான செயற்கைப் பொருட்களைக் கலக்கின்றன. 1966இல் வந்த டியோரின் ஓ சவாஜிலேயே அது இருக்கிறது. செயற்கை என்பதால் கெட்டது இல்லை, அந்தப் பெர்ஃபியூமை இன்றும் உலகம் கொண்டாடுகிறது. செயற்கையை வைத்தும் அழகாகச் செய்யலாம். ஆனால் பூவின் பெயரைச் சொல்லி பூவின் விலையை வாங்கினால் கொஞ்சமாவது பூ மணக்க வேண்டும் இல்லையா?

எங்களில் கணிதம் படிப்பிக்கிறவர் தன் பங்குக்கு ஒரு கணக்குப் போட்டார். ஒரு அழுத்துக்கு ஏறக்குறைய 0.1 மில்லி வரும். 100 மில்லியில் ஆயிரம் அழுத்து. அப்போ ஒரு அழுத்து 72 ரூபா. கழுத்துக்கு இரண்டு, சட்டைக்கு ஒன்று என்றால் காலை எட்டு மணிக்குள் 216 ரூபா காற்றில் போய்விடும். இடைவேளை மணி அடிக்கும்போது வாசமும் இல்லை, காசும் இல்லை.

அதே மேசையில் புறக்கோட்டையில் வாங்கிய மல்லிகை அத்தரும் இருந்தது. 6 மில்லி, 900 ரூபா. அதுவும் பெரும்பாலும் செயற்கைதான், அந்த விலைக்கு அசல் பூ வராது என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அது தன்னைப் பற்றிப் பெரிய கதை எதுவும் சொல்லவில்லை. மணிக்கட்டில் ஒரு தொடு தொட்டால் லுஹரில் பூசியது இஷா வரை நிற்கிறது. கடைக்காரரும் "இது பெண்களுக்கு, அது ஆண்களுக்கு" என்று பிரிக்கவில்லை. நம்ம வாப்பாமார் மல்லிகையும் றோசாவும் பூசித்தான் பள்ளிக்குப் போனார்கள்.

இதை எழுதக் காரணம் அந்த 24,000 மட்டும் இல்லை. மிச்சம் இருக்கிறதை நாங்கள் பூசி முடிப்போம். கவலை வேறு. இப்போது மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் சாமான்களில் சென்ட் போத்தலுக்கும் பெயர் கேட்கிறார்கள். முன்பு ஏதோ ஒரு நல்ல சென்ட் இருந்தால் போதும். இப்போது இன்ன கம்பனி, இன்ன பெயர், போத்தலைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட வேண்டும். 2022இல் காஸ் வரிசையிலும் பெற்றோல் வரிசையிலும் நின்ற அதே குடும்பங்கள்தான் இதற்கும் கடன் வாங்குகின்றன. பொண்ணுடைய வாப்பா அந்தப் போத்தலை ஒருநாளும் மணந்து பார்க்கப் போவதில்லை. விலையைக் கேட்டு வாய் மூடிக் காசு கொடுப்பார், அவ்வளவுதான்.

அந்த வாப்பாமாருக்காகத்தான் விவரமாக எழுதினோம். 72,000 ரூபாப் போத்தலை மூன்று பேர் மூன்று கிழமை பூசிப் பார்த்துவிட்டோம். விலை அதிகம் என்பதால் வாசம் அதிகம் இல்லை. மரியாதையும் அதிகம் இல்லை. அத்தர் ஒன்றை நல்ல மனதோடு கொடுத்தாலும் அது அன்பளிப்புத்தான். நபி (ஸல்) அவர்கள் வாசனை அன்பளிப்பை மறுக்க மாட்டார்கள் என்றுதான் படித்திருக்கிறோம். எந்தக் கம்பனி என்று கேட்டார்கள் என்று எங்கும் படிக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் யாராவது வாசித்தால், "சென்ட் எதுவானாலும் பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு வீட்டில் ஒரு மாதம் நிம்மதியாகச் சோறு இறங்கும்.

உங்கள் வீட்டு முற்றத்தில் மல்லிகை இருக்கிறதா? இன்றைக்கு மஃரிபுக்குப் பிறகு ஒரு பூவைக் கிள்ளி மணந்து பாருங்கள். என்ன வாசம் வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள்.